தண்ணீர் வடியாத களிமண்ணைக் காய்கறித் தோட்டமாக்குவது எப்படி

மழை விட்டு மூன்று நாள் ஆகியிருக்கும். நட்டு இரண்டு வாரமான தக்காளி நாற்று தலையைத் தொங்கப் போட்டு நிற்கும். பார்த்ததும் கை தானாகத் தண்ணீர் வாளியைத் தேடும். செடி வாடினால் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றுதானே பழகியிருக்கிறோம். களிமண் தோட்டத்தில் அந்த வாளித் தண்ணீரே செடியைக் கொன்றுவிடும். நானும் அப்படி ஒரு வரிசை நாற்றை இழந்திருக்கிறேன். அதில் ஒன்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பு நிறமாகிக் கிடந்தது. இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தேன். மேல்தோல் உறை மாதிரி கழன்று கையோடு வந்துவிட்டது, உள்ளே நூல் போல ஒரு நரம்பு மட்டும் மிச்சம். சுற்றிலும் தண்ணீர் நின்றும் அதை உறிஞ்ச வேர் இல்லை.

வேரும் மூச்சு விடுகிறது. அதற்கு மண்ணின் இடுக்குகளில் காற்று வேண்டும். களிமண்ணின் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது, தட்டையானது. தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாகப் படியும்போது இடையில் இருக்கும் சந்துகள் மிக மெல்லியதாகிவிடுகின்றன. தண்ணீர் உள்ளே போனால் லேசில் வெளியே வராது. தண்ணீர் நிறைந்த மண்ணுக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதைப் போலப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஓரிரு நாளில் வேர் திணறத் தொடங்கும், அப்புறம் அழுகல் பூஞ்சைகள் வந்து சேரும். மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் காற்றில்லாத சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் வாயுவாக மாற்றிவிடுகின்றன. தண்ணீர் நின்ற இடத்தில் செடி மஞ்சளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதையெல்லாம் சொல்வது களிமண்ணைக் குறை சொல்வதற்கில்லை. கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் போன்ற சத்துகளை மணலை விடப் பல மடங்கு பிடித்து வைத்திருக்கும் மண் இது. கோடையில் ஈரத்தையும் விடாது. அதற்கு இல்லாதது காற்றோட்டம் ஒன்றுதான். கீழே சொல்லும் வேலைகள் எல்லாமே மண்ணுக்குள் காற்றுக்கு வழி விடுவதற்காகத்தான். வரிசையையும் மாற்ற வேண்டாம்: முதலில் தண்ணீர் போக வழி, பிறகு மக்கு (நன்றாக மக்கிய உரம்), கடைசியில்தான் விதை.

முதல் வேலை: ஒரு குழி தோண்டிப் பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்தில் குழி தோண்டுங்கள். தோண்டிய மண்வெட்டி குழியின் சுவரை வழவழப்பாகத் தேய்த்திருக்கும். ஒரு குச்சியால் சுவரைச் சுற்றிலும் கீறிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த வழவழப்பே தண்ணீரை அடைத்துக்கொண்டு தப்பான கணக்கைக் காட்டும். குழியை நிரப்பி முழுக்க வடிய விடுங்கள். இரண்டாவது முறை நிரப்பி, ஓர் அளவுகோலைச் செருகி, ஒரு மணி நேரத்தில் எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று பாருங்கள்.

மணிக்கு 2.5 செ.மீ.க்கு மேல் இறங்கினால் காய்கறிக்குப் பரவாயில்லை, மக்கு சேர்த்தாலே மண் சீக்கிரம் வழிக்கு வரும். அதற்குக் குறைவாக இருந்தால் வடிகாலும் மேட்டுப்பாத்தியும் வேண்டும். மறுநாள் காலையிலும் தண்ணீர் அப்படியே நின்றால், மண்ணைத் திருத்துவதோடு தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே அடைபடுகிறது என்றும் தேடியாக வேண்டும். கிடைத்த எண்ணைத் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த வருடம் தேவைப்படும்.

குழியின் சுவரையும் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். நீலம் கலந்த சாம்பல் நிறமும் நடுநடுவே துருப் புள்ளிகளும் இருந்தால், அந்த ஆழம் வரை வருடத்தில் பல வாரம் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். காற்று இல்லாத மண்ணில் இரும்பு நிறம் மாறிச் சாம்பலாகிறது, காற்று படும் சிறு துவாரங்களில் மட்டும் துருவாக மிஞ்சுகிறது. அழுகிய முட்டை வாடை வந்தாலும் அதே கதைதான். துரு எந்த ஆழத்தில் தொடங்குகிறதோ அதற்கு மேலே இருக்கும் மண்தான் இப்போதைக்கு வேருக்குக் கிடைக்கும் வீடு.

நெல்லிக்காய் அளவு ஈர மண்ணை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ரிப்பன் மாதிரி பிதுக்குங்கள். 5 செ.மீ. தாண்டியும் முறியாமல் நீண்டால் அசல் களிமண். 2.5 செ.மீ.க்குள் முறிந்தால் உங்கள் மண்ணில் களி அவ்வளவு இல்லை, தண்ணீர் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இறுகிப்போன அடிமண்தான்.

இன்னொரு சோதனையை யாரும் அதிகம் சொல்வதில்லை, ஆனால் தேவையில்லாத செலவை மிச்சப்படுத்துவது அதுதான். நன்றாகக் காய்ந்த மண்கட்டி ஒன்றைப் பட்டாணி அளவுக்கு உடைத்து, மழைத்தண்ணீர் அல்லது காய்ச்சி வடித்த தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் மெதுவாகப் போடுங்கள். கலக்க வேண்டாம், டம்ளரை அசைக்கவும் வேண்டாம். இரண்டு மணி நேரம் கழித்தும், மறுநாளும் பாருங்கள். கட்டி உதிர்ந்து குவியலாகக் கிடக்க, மேலே தண்ணீர் தெளிவாக இருந்தால் மண்ணுக்கு வேண்டியது மக்கு. கட்டியைச் சுற்றிப் பால் கலந்த மாதிரி கலங்கல் எழும்பினால் மண்ணில் சோடியம் அதிகம் என்று சந்தேகிக்கலாம். அந்த மண்ணுக்குத்தான் ஜிப்சம் (கால்சியம் உள்ள ஒரு தாதுப் பொடி) பலன் தரும். இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

தண்ணீருக்கு வழி

நல்ல மழை பெய்யும்போது தோட்டத்தில் போய் நின்று பாருங்கள். அந்த அரை மணி நேரம் சொல்லித் தருவதை எந்தப் படமும் சொல்லாது. கூரையிலிருந்து விழும் தண்ணீர் பாத்திக்குள் வருகிறதா, மேட்டிலிருந்து சரிந்து வருகிறதா, இல்லை விழுந்த இடத்திலேயே நிற்கிறதா? வெளியிலிருந்து வருகிறது என்றால் அதைத் தோட்டத்துக்கு மேற்புறமே மறித்து, ஓரமாகச் சிறு வாய்க்கால் வெட்டித் திருப்பிவிடுங்கள். பல தோட்டங்களில் பாதிப் பிரச்சினை இதோடு தீர்ந்துவிடும். வாய்க்காலுக்கு ஒரு மீட்டருக்கு ஒரு செ.மீ. சரிவு போதும். வடிகிற தண்ணீர் பக்கத்து நிலத்துக்குள் போய் நிற்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

மேல்மண் நன்றாக இருந்து, 15 முதல் 25 செ.மீ. ஆழத்தில் மண்வெட்டி திடீரென்று 'டங்' என்று நின்றால் அங்கே கெட்டித்தட்டு இருக்கிறது. ஒரே ஆழத்தில் உழுது உழுது, அல்லது வண்டி ஏறி இறங்கி உண்டாவது அது. மண் காய்ந்திருக்கும் சமயத்தில் ஓரடிக்கு ஒரு குத்தாகக் கடப்பாரையை இறக்கி, முன்னும் பின்னும் அசைத்து விரிசல் விடுங்கள். அடிமண்ணை மேலே புரட்ட வேண்டாம், தட்டு உடைந்தால் போதும்.

குழியில் ஊற்றாமலேயே தண்ணீர் அடியிலிருந்து ஊறி வந்தால், நிலத்தடி நீர் மட்டம் மேலே இருக்கிறது. அங்கே மண்ணைக் கிளறுவதால் பலனில்லை. பாத்தியை உயர்த்துவது ஒன்றே வழி. தண்ணீர் விழத் தாழ்வான இடம் ஒன்று இருந்தால், 45 முதல் 60 செ.மீ. ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, துளையிட்ட குழாயைச் சரிவாகப் பதித்து ஜல்லியால் மூடலாம். தாழ்வான இடம் இல்லாமல் அந்தக் குழாயைப் பதிப்பது வீண் வேலை.

ஈர மண்ணில் கை வைக்காதீர்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். மழை விட்டதும் ஆசையாக மண்வெட்டியோடு இறங்குகிறோம். ஈரக் களிமண்ணைக் கொத்தினால், மிதித்தால், இருந்த கொஞ்ச நஞ்ச இடுக்கும் நசுங்கிவிடும். அது காய்ந்ததும் செங்கல் மாதிரி கட்டியாகும். ஒரு மணி நேர அவசரத்தில் கெடுத்த மண்ணைச் சரிசெய்ய ஒரு பருவமே ஆகலாம்.

ஒரு கைப்பிடி மண்ணை இறுக்கி உருண்டை பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போடுங்கள். உருண்டை அப்படியே சப்பென்று விழுந்தால், அல்லது விரலில் ஒட்டிப் பளபளத்தால், வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். விழுந்து பொலபொலவென்று உடைந்தால் பதம் சரி. உருண்டையே பிடிக்க முடியாத அளவுக்குக் காய்ந்து கெட்டியாக இருந்தால் லேசாகத் தண்ணீர் தெளித்து இரண்டு மூன்று நாள் விடுங்கள். களிமண்ணில் இந்தப் பதம் சில நாட்கள்தான் நிற்கும். அதற்காகக் காத்திருப்பது தோட்ட வேலையின் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மக்கு: எவ்வளவு, எப்படி

களிமண்ணைத் திருத்தும் பொருள் ஒன்றே ஒன்றுதான் என்று யாராவது கட்டாயப்படுத்திக் கேட்டால், யோசிக்காமல் மக்கு என்பேன். கம்போஸ்ட், மக்கிய தொழு உரம், இலைமக்கு, மண்புழு உரம், எது கிடைக்கிறதோ அது. மக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் விடும் பசையும் பூஞ்சை இழைகளும் களித் துகள்களைச் சிறு சிறு உருண்டைகளாகச் சேர்த்துக் கட்டுகின்றன. உருண்டைகளுக்கு நடுவில் பெரிய இடைவெளி உண்டாகிறது. அதிகப்படியான தண்ணீர் அது வழியே இறங்கும், பின்னாலேயே காற்று வரும்.

1 மீட்டர் அகலம், 3 மீட்டர் நீளம் உள்ள ஒரு பாத்தியை எடுத்துக்கொள்வோம். முதல் வருடம் 5 செ.மீ. கனத்துக்கு மக்கு பரப்ப வேண்டும். கணக்குப் போட்டால் 150 லிட்டர், அதாவது 15 லிட்டர் வாளியில் பத்து வாளி. நேரில் பரப்பிப் பார்க்கும்போது இது மிக அதிகம் என்று தோன்றும். நம்மில் பலர் இரண்டு வாளியோடு நிறுத்திவிட்டு, மக்கு போட்டும் மாற்றமில்லையே என்று வருத்தப்படுகிறோம். பத்து வாளியையும் போடுங்கள். போட்டு, மேல் 15 முதல் 20 செ.மீ. மண்ணோடு கலந்துவிடுங்கள். கலப்பது இந்த ஒரு முறைதான். அடுத்த வருடத்திலிருந்து 2 அல்லது 3 செ.மீ. கனத்துக்கு மேலே பரப்பினால் போதும், மண்புழுக்கள் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். வெப்பமான இடங்களில் மக்கு சீக்கிரம் கரைந்துவிடும் என்பதால் வருடத்துக்கு இரண்டு முறை பரப்புவது நல்லது.

மக்கியதுதானா என்று கையில் எடுத்துப் பாருங்கள். இலையா காம்பா என்று அடையாளம் தெரியக் கூடாது, கையில் சூடு தெரியக் கூடாது, முதல் மழையில் வரும் மண்வாசனை அடிக்க வேண்டும். மூக்கைத் துளைக்கும் காரமான வாடை வந்தால் இன்னும் சில வாரம் குவித்து வையுங்கள். பச்சைச் சாணத்தை நேராக வேரடியில் போட்டால் வேர் கருகும். அதில் நோய்க் கிருமிகளும் இருக்கலாம். சமைக்காமல் சாப்பிடும் கீரை, முள்ளங்கி போன்றவற்றுக்கு, பச்சைச் சாணம் போட்டதற்கும் அறுவடைக்கும் இடையே குறைந்தது நான்கு மாதம் விடுங்கள்.

மரத்தூள், மரச்சீவல், வைக்கோல் ஆகியவற்றை மண்ணுக்குள் கலக்க வேண்டாம். அவற்றை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் செடி மஞ்சளிக்கும். மேலே மூடாக்காகப் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

மணல், ஜல்லி, ஜிப்சம்

"களிமண்ணா? மணல் கலந்துவிடு" என்ற யோசனை உங்களுக்கும் கட்டாயம் வரும். தயவுசெய்து கேட்காதீர்கள். களிமண்ணின் குணம் மாற வேண்டுமானால் கலவையில் பாதியாவது மணலாக இருக்க வேண்டும். அதே 3 சதுர மீட்டர் பாத்தியில் 20 செ.மீ. ஆழம் வரை உள்ள மண்ணோடு அதே அளவு மணலைக் கலக்க 600 லிட்டர் மணல் வேண்டும், எடையில் கிட்டத்தட்ட ஒரு டன். நான்கு மூட்டை மணலைக் கொட்டிக் கலந்தால், மணல் துகள்களுக்கு நடுவே இருக்கும் சந்தைக் களி அடைத்துக்கொள்ளும். முன்னைவிடக் கெட்டியான மண்தான் கிடைக்கும்.

நடவுக் குழியின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்பதும் அப்படித்தான். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லடுக்குக்குள் தண்ணீர் உடனே இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க நனைந்து வழிந்தால்தான் இறங்கும். வேரடி அதுவரை சொதசொதவென்றே இருக்கும். களிமண்ணில் குழி வெட்டி, அதை மட்டும் நல்ல மண்ணால் நிரப்பி நடுவதும் அதே தவறுதான். அந்தக் குழி அடி ஓட்டையில்லாத தொட்டி மாதிரி சுற்றுவட்டாரத் தண்ணீரையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும். திருத்தினால் பாத்தி முழுவதையும் திருத்துங்கள்.

டம்ளர் சோதனையில் கலங்கல் வந்தவர்களுக்கு மட்டும் ஜிப்சம். அதிலுள்ள கால்சியம் சோடியத்தைத் துகளிலிருந்து வெளியேற்றி, களித் துகள்களை ஒன்று சேர்க்கும். வெளியேறிய சோடியம் தண்ணீரோடு கீழே இறங்கிப் போக வேண்டும் என்பதால், வடிகால் இல்லாமல் ஜிப்சம் போட்டால் பலன் வராது. எவ்வளவு போடுவது என்பதை மண் பரிசோதனை முடிவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கலங்கல் வராத மண்ணுக்கு ஜிப்சம் அனேகமாக வீண் செலவு.

மேட்டுப்பாத்தி போடுவது

பதமான மண்ணில், கயிறு கட்டி 1 முதல் 1.2 மீட்டர் அகலத்துக்குப் பாத்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமிருந்தும் கை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும், அதுதான் அளவு. நடைபாதைக்கு 40 செ.மீ. விடுங்கள். பாத்தி வரும் இடத்தைக் கடப்பாரையால் நெகிழ்த்தி, நடைபாதையில் உள்ள மேல்மண்ணை வாரிப் பாத்தி மேல் போடுங்கள். மக்கைக் கலந்து வாருங்கள். 20 செ.மீ. உயரம் வந்தால் நல்லது, நிலத்தடி நீர் மேலே இருந்தால் 30 செ.மீ. வரை உயர்த்துங்கள். நடைபாதைப் பள்ளமே வடிகாலாகவும் ஆகிவிடும், அதனால் அது ஒரே பக்கமாகச் சரிந்து வாய்க்காலில் போய் விழ வேண்டும். பாத்தியின் மேற்பரப்பை நடுவில் லேசாக மேடாக்கி, பக்கங்களைச் சரிவாக விடுங்கள்.

பக்கத்துக்குப் பலகையோ கல்லோ வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வைத்தால் அழகு, மண் சரியாது. ஆனால் இறுகிய தரையைக் கிளறாமல் அதன் மேலேயே பெட்டி வைத்து மண் நிரப்பினால், பெட்டிக்கடியில் தண்ணீர் நிற்கும்.

பாத்தி போட்ட நாளிலிருந்து அதன் மேல் யாரும் கால் வைக்கக் கூடாது. வீட்டுக் குழந்தைகளுக்கும் நாய்க்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எட்டாத இடத்தில் வேலை இருந்தால் ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் நில்லுங்கள், எடை பரவும்.

அடுத்து, வெற்று மண்ணாக விடாமல் மூடுங்கள். வெற்றுக் களிமண் மேல் மழைத்துளி அடித்தால் மேற்பரப்பு ஏடு கட்டி இறுகும், விதை முளைத்து வெளியே வரத் திணறும். 5 செ.மீ. கனத்துக்குக் காய்ந்த இலையோ வைக்கோலோ போதும். செடியின் தண்டைத் தொடாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள். ஓயாமல் மழை பெய்யும் வாரங்களில் மூடாக்கைக் கொஞ்சம் விலக்கிவிட்டால் மண் மூச்சு விடும், நத்தைத் தொல்லையும் குறையும்.

உடனே காய்கறி போடும் அவசரம் இல்லாதவர்கள் ஒரு பருவம் பசுந்தாள் உரம் போடலாம். தண்ணீர் நின்றாலும் தாங்கக்கூடியது தக்கைப்பூண்டு. சணப்பைக்கு அந்தத் தாங்கும் சக்தி கிடையாது. பூக்கும் சமயத்தில், ஏறக்குறைய 45 நாளில், அறுத்து மேல்மண்ணில் மடக்கி உழுதுவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து நடுங்கள். குளிர் பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு ரை, ஓட்ஸ் போன்றவை அதே வேலையைச் செய்யும்.

முதல் பருவத்தில் என்ன நடலாம்

கத்தரி, பூசணி, கோஸ் வகைகள் கனமான மண்ணைப் பொறுத்துக்கொள்ளும். சேப்பங்கிழங்கும் வள்ளைக்கீரையும் ஈரத்திலேயே வாழும் பயிர்கள், வாய்க்கால் ஓரத்தை அவற்றுக்குக் கொடுத்துவிடுங்கள். தக்காளியும் மிளகாயும் தண்ணீர் தேங்கினால் மிகச் சீக்கிரம் சாகும், அவற்றைப் பாத்தியின் உயரமான பகுதியில் மட்டும் நடுங்கள். கத்தரி வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய தக்காளி நாற்று கிடைத்தால் வாங்கலாம், வெள்ளத்தை அது நன்றாகவே தாங்கும். கேரட்டை முதல் வருடம் விட்டுவிடுங்கள். கட்டி மண்ணில் அது இரண்டு மூன்று கால் முளைத்துத்தான் வரும்.

விதையை நேராக ஊன்றுவதை விட, வளர்ந்த நாற்றை நடுவது களிமண்ணில் நல்ல பலன் தரும். நாற்றின் வேர்ப்பந்தின் மேல்மட்டம் தரையோடு சமமாகவோ ஒரு விரல் உயரமாகவோ இருக்கட்டும்.

தண்ணீர் பாய்ச்சும்போது மேல்மண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். களிமண் மேலே வெடித்துக் கிடக்கும், உள்ளே சில்லென்று ஈரம் இருக்கும். விரலை 5, 6 செ.மீ. உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் இன்று தண்ணீர் வேண்டாம். ஊற்றும்போது மெதுவாக, நிறைய ஊற்றி, அடுத்த முறைக்கு நாள் தள்ளிப் போடுங்கள். வேகமாக ஊற்றினால் உள்ளே இறங்காமல் பள்ளத்துக்கு ஓடிவிடும்.

ஒரு வருடம் முடிந்ததும் பாத்தியின் ஓர் ஓரத்தில் அதே அளவுக் குழியைத் தோண்டி, அதே மாதிரி தண்ணீர் ஊற்றி அளந்து, எழுதி வைத்த பழைய எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மண்வெட்டியில் வரும் கட்டியைக் கையால் உடையுங்கள். சென்ற வருடம் பாளமாகப் பெயர்ந்தது இப்போது சோள மணி அளவில் உதிர்ந்தால், வேர்கள் கட்டியைச் சுற்றிப் போகாமல் ஊடுருவிப் போயிருந்தால், மண்புழுத் துளைகள் தெரிந்தால், இதே மக்கையும் மூடாக்கையும் தொடருங்கள். மேல்மண் பொலபொலத்தும் தண்ணீர் மட்டும் பழைய வேகத்திலேயே இறங்கினால் அடைப்பு இன்னும் கீழே இருக்கிறது. அடுத்த வறண்ட பருவத்தில் வாய்க்காலை இன்னும் ஒரு சாண் ஆழப்படுத்துங்கள்.